காசி யாத்திரைக்கு ஒரே பை: துணி எடுத்துவைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து பிரயாகை, காசி, கயா என்று கிளம்புகிறவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகும். ரயிலில் போனால் போகவே ஒன்றரை நாளுக்கு மேல். மூன்று ஊர்களிலும் தங்கும் இடம் மாறும், நதியில் குளிக்க வேண்டும், சடங்குகள் உண்டு, மார்கழி தையில் போனால் நம் உடம்பு பழகாத குளிர் வேறு. பெட்டி அடுக்குவதில் வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரு பயணத்தில் சேர்ந்து வருகின்றன. ஆளுக்கு ஒரு பை, அதுவும் தானே தூக்கக்கூடிய பை என்பதுதான் இங்கே அளவுகோல். போகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதால், இதை வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. முழங்காலும் இடுப்பும் தாங்க வேண்டும்.

## பத்து நாள் பயணத்துக்கு எத்தனை செட் துணி வேண்டும்?

மூன்று. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் உலர்ந்த நிலையில் ஒன்று. ஐந்து நாள் போனாலும் மூன்றுதான், பதினைந்து நாள் போனாலும் மூன்றுதான். பலரும் நாளை எண்ணித் துணியை எண்ணுகிறார்கள், பத்து நாளுக்குப் பத்துச் சட்டை என்று. அங்கேதான் பை கனக்க ஆரம்பிக்கிறது. எண்ண வேண்டியது, துவைத்த துணி உலர எத்தனை நேரம் ஆகும் என்பதை. இரவு துவைத்தது மறுநாள் மாலைக்குள் உலர்ந்துவிடும் என்றால் மூன்று செட் தாராளம்.

மூடுபனிக் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் கங்கைக் கரையில் சில நாள் மதியம் வரை வெயிலே வராது. ஒரு நாளில் உலர வேண்டியது இரண்டு நாள் எடுக்கும். அப்போது உள்ளாடைகளை மட்டும் ஐந்து செட்டாக்கிக்கொள்ளுங்கள். சட்டையையும் சேலையையும் கூட்ட வேண்டியதில்லை. குளிரில் வியர்வை குறைவு, மேலாடையை இரண்டு நாள் உடுத்தலாம்.

## யாத்திரைக்குப் போய் தினமும் துவைத்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியும், கால் மணி நேர வேலை. குளிக்கும்போதே முடித்துவிட வேண்டும், தனி வேலையாக வைத்துக்கொண்டால்தான் சலிக்கும். மாலையில் அறைக்குத் திரும்பி முகம் கழுவுகிற நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. இரவு முழுதும் மின்விசிறிக்கடியில் உலரும், காலையில் பாதிக்கு மேல் காய்ந்திருக்கும், வெளியே போகும்போது ஜன்னல் ஓரம் மாற்றிப் போட்டுவிட்டுப் போகலாம். காலையில் துவைத்தால் ஊர் மாறும் நாளில் ஈரத் துணியோடு ரயில் ஏற வேண்டிவரும்.

துவைப்பதைவிட உலர்த்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நன்றாகப் பிழிந்த சட்டையைக் கட்டிலின் மேல் விரித்த உலர்ந்த துண்டின் மீது பரப்புங்கள். துண்டையும் சட்டையையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டுங்கள். சுருளின் ஒரு முனையை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு மறுமுனையை முறுக்குங்கள். கையால் பிழியும்போது வராத தண்ணீர் துண்டுக்குள் இறங்கிவிடும். பிரித்து உதறினால் சட்டை சொட்டாது, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும். உலரும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெல்லிய காசித் துண்டே இதற்குப் போதும். அந்தத் துண்டும் தனியாகக் கொடியில் தொங்கினால் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

நான்கு மீட்டர் நைலான் கயிறு ஒன்று, பத்து ஊக்கு, சோப்புக் கட்டியில் அரைத் துண்டு இருந்தால் போதும். துவைக்கும் திரவம் வேண்டாம், அது பைக்குள் கசிந்தால் எல்லாத் துணியும் வீணாகும். ஊக்கு கிளிப்பைவிட இலேசு, உள்ளாடையைக் கயிற்றோடு சேர்த்துக் குத்திவிட்டால் மாடிக் காற்றுக்கும் பறக்காது. காசியில் மாடியில் உலர்த்துகிறவர்கள் குரங்குகளையும் நினைவில் வைக்க வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாவிட்டால் அறைக்குள்ளேயே கொடி கட்டுங்கள்.

## பருத்தியா, செயற்கை இழையா?

உடுத்திக்கொள்ளச் சுகம் பருத்தி. துவைத்து உலர்த்திக்கொண்டே போகும் பயணத்துக்கு ஏற்றது கலப்பு இழை. பருத்தி நூல், சாதாரண காற்றில் இருக்கும் ஈரத்தையே தன் எடையில் 7, 8 விழுக்காடு உறிஞ்சி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட உறிஞ்சாது. தண்ணீரில் நனைத்தாலும் இதே வேறுபாடுதான், பருத்தியில் நீர் நூலுக்குள்ளேயே போகிறது, பாலியெஸ்டரில் நூல்களுக்கு நடுவே நிற்கிறது. அதனால்தான் ஒன்று காய நாளாகிறது, இன்னொன்று காலைக்குள் காய்ந்துவிடுகிறது.

என் தீர்ப்பு இது: உடம்பை ஒட்டியிருக்கும் பனியன் மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். சட்டை, சுடிதார், பேண்ட் எல்லாம் கலப்பு இழையில் இருக்கட்டும். சித்திரை வைகாசியில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. காசியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அப்போது முழுப் பருத்திதான் சரி. ஜீன்ஸ் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். ஒரு ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம் வரை வரும், துவைத்தால் குளிர்காலத்தில் இரண்டு நாளிலும் காயாது, நதிக்கரைப் படியில் உட்கார்ந்து எழுவதற்கும் இடைஞ்சல்.

## துணியைச் சுருட்டி வைப்பதா, மடித்து வைப்பதா?

சுருட்டினால் துணி சிறுத்துவிடுவதில்லை. மடிப்புகளுக்கு நடுவே தங்கும் காற்று வெளியேறுகிறது, பையின் மூலைகளில் செருக முடிகிறது, மேலே இருப்பதைக் கலைக்காமல் வேண்டியதை உருவ முடிகிறது. முதுகுப்பைக்கு இது நல்லது. பனியன், உள்ளாடை, கைலி, கலப்பு இழைச் சட்டை, சுடிதார், துண்டு இவற்றைச் சுருட்டுங்கள். இஸ்திரி போட்ட பருத்திச் சட்டை, ஜரிகை வேட்டி, பட்டு இவற்றை மடியுங்கள். கம்பளி ஸ்வெட்டரைப் பையில் வைக்க நேர்ந்தால் மடித்து அடியில் பரப்புங்கள், சுருட்டினால் அது இன்னும் பருத்து நிற்கும்.

சுருட்டியவற்றை வகைக்கு ஒரு துணிப்பையில் போடுங்கள். உள்ளாடைக்கு ஒன்று, மேலாடைக்கு ஒன்று, குளிர் உடுப்புக்கு ஒன்று. இதற்கென்று ஜிப் வைத்த சிறு பைகள் கடையில் விற்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கின்றன. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பையும் அதே வேலையைச் செய்யும். ரயிலில் விடியற்காலை விளக்கைப் போடாமல், பக்கத்துப் படுக்கைக்காரரை எழுப்பாமல், கைவிட்டு எடுக்க முடியும் என்பதுதான் இதன் பெரிய பயன்.

## சேலையை எப்படி எடுத்துவைப்பது?

மொத்தம் மூன்று சேலை, அதில் ஒன்று கட்டியிருப்பது. மெல்லிய செயற்கை இழைச் சேலை 350 முதல் 400 கிராம் வரும். கைத்தறிப் பருத்தி 500 கிராம், கஞ்சி போட்டிருந்தால் இடமும் இரண்டு மடங்கு அடைக்கும். கஞ்சிச் சேலை வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு மழைத்துளி, ஒரு படகுப் பயணம், அதோடு அதன் மிடுக்கு போய்விடும்.

கடையில் மடித்துத் தந்த மடிப்பிலேயே பையில் வைக்காதீர்கள். அது அலமாரிக்கான மடிப்பு. சேலையை அகலவாட்டில் இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடியுங்கள். ஒரு சாண் அகலத்தில் நீளமான பட்டையாக வரும். அதை நீளவாட்டில் இரண்டாக மடித்து, மடிந்த முனையில் அந்தச் சேலைக்குரிய ரவிக்கையை வைத்து, அங்கிருந்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். சுருள் முடியும் இடத்தில் முந்தானையும் இடுப்பில் செருகும் முனையும் சேர்ந்து வரும். ஒரு ரப்பர் வளையம் போட்டால் கலையாது. காலையில் அவசரத்தில் சுருளைப் பிடித்து உதறினால் போதும், ரவிக்கையைத் தேட வேண்டியதில்லை.

உண்மையில் இடத்தை அடைப்பது சேலை இல்லை, அதோடு வரும் பரிவாரம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ரவிக்கை, ஒரு உள்பாவாடை என்று போனால் மூன்று சேலைக்கு ஒன்பது துணி. நிறத்தை முதலிலேயே யோசித்துவிட்டால் இது குறையும். அரக்கு, கருநீலம், பச்சை என்று அடர்நிறத்தில் ஒரு குடும்பமாகச் சேலைகளை எடுத்தால், ஒரே அரக்கு நிற உள்பாவாடை எல்லாவற்றுக்கும் நிற்கும். மாற்றுக்கு இன்னொன்று போதும். அடர்நிறத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, கங்கையின் வண்டல் கறை வெளியே தெரியாது.

சேலையே கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், ரயிலுக்கும் ஊர் சுற்றவும் இரண்டு சுடிதார், கோவிலுக்கும் சடங்குக்கும் ஒரு சேலை என்று பிரித்துக்கொள்ளலாம். பத்து நாளும் சேலையில் இருந்தே பழகியவர்களை மாற்றச் சொல்ல நான் விரும்பவில்லை. பழகிய உடுப்பில்தான் படி இறங்கக் கால் தடுமாறாது.

## சடங்குகளுக்குத் தனியாக என்ன எடுத்துவைக்க வேண்டும்?

ஆண்களுக்குப் பத்தாறு ஒன்று, அதாவது பத்து முழ வேட்டியும் ஆறு முழ அங்கவஸ்திரமும். பஞ்சகச்சம் கட்டாத குடும்பம் என்றால் எட்டு முழ வேட்டி போதும். கயாவில் சிராத்தம் பல்குனி நதிக்கரை, விஷ்ணு பாதம் கோவில், அட்சய வடம் என்ற ஆலமரத்தடி என்று மூன்று இடங்களில் நடக்கும், பகலின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அன்று உடுத்தும் வேட்டியில் எள், மாவு, ஈரம் எல்லாம் பட்டிருக்கும். அதனால் சடங்கு வேட்டி இரண்டு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரயாகைச் சடங்குக்கும் கயா சிராத்தத்துக்கும் நடுவே காசியில் எப்படியும் இரண்டு நாள் இருப்பீர்கள். ஒன்றையே துவைத்துக் கட்டலாம்.

பெண்களில் ஒன்பது கஜம் கட்டுகிறவர்கள் மெல்லிய கலப்பு இழையில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு ஒன்பது கஜம் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். பிரயாகையில் தம்பதியாக வேணி தானம் (மனைவியின் பின்னல் நுனியை வெட்டி நதிக்கு அளிக்கும் சடங்கு) செய்கிறவர்களுக்கு அன்று சங்கமத்தில் குளித்து ஈரத்தோடு படகில் திரும்ப வேண்டியிருக்கும். மாற்றுத் துணியைத் தனிச் சிறு பையில் எடுத்துக்கொண்டு படகு ஏறுங்கள், பெரிய பை அறையிலேயே இருக்கட்டும்.

இராமேசுவரத்திலிருந்து மணல் எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஒரு கைப்பிடி மணலே எடுத்துக்கொள்ளலாம். அதை இரட்டைப் பொட்டலமாகக் கட்டி, துணிகளோடு சேர்க்காமல் பையின் வெளி அறையில் வையுங்கள்.

## ஒரு பட்டுச்சேலையாவது வேண்டாமா? விசுவநாதர் சந்நிதிக்குப் போகிறோமே?

ஆசை நியாயமானது. ஆனால் காஞ்சிபுரம் பட்டு 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை வரும், அங்கே துவைக்க முடியாது. விசுவநாதர் கோவிலின் நெரிசலில் அபிஷேக நீரும் பாலும் பூவும் மேலே படும், தரை ஈரமாகவே இருக்கும், சேலைக் கரையின் ஜரிகை அதில்தான் இழுபடும். மென்பட்டு அல்லது பட்டுப்போன்ற கலப்பு இழைச் சேலை ஒன்று எடுத்துக்கொண்டால் தரிசனத்துக்கும் நிறைவாக இருக்கும், பாதி எடைதான் வரும். எடுத்தே தீருவது என்று முடிவு செய்தவர்கள் பழைய மடிப்பை மாற்றி மடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, பையின் மேல்தட்டில் வையுங்கள். ஜரிகை எப்போதும் ஒரே மடிப்பில்தான் வெடிக்கிறது.

கோவிலுக்குள் பை, கைபேசி எதற்கும் அனுமதி கிடையாது. இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சுருக்குப்பை துணிகளோடு இருக்கட்டும்.

## குளிருக்குக் கனமான கோட்டு வேண்டாமா?

வேண்டாம். ஜனவரியில் காசியின் குறைந்தபட்ச வெப்பம் 8, 9 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் அதே மாதம் 20 டிகிரி என்பதை நினைத்துப் பார்த்தால் நம்மவர்கள் ஏன் நடுங்குகிறார்கள் என்பது புரியும். ஆனாலும் வெயில் வந்த நாளில் மதியம் 22 டிகிரி வரை ஏறிவிடும். கோட்டு போட்டவர் அப்போது அதைக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டும்.

உடம்பைச் சூடாக வைப்பது துணியின் கனமில்லை, துணிகளுக்கு நடுவே நிற்கும் காற்று. பனியன், அதன் மேல் உடலை ஒட்டிய குளிர்கால உள்ளாடை, சட்டை, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், சால்வை என்று அடுக்காக உடுத்தினால் விடியற்காலைப் படகிலும் தாங்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பெண்கள் சேலைக்குள் உள்பாவாடைக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ குளிர்கால லெகின்ஸ் போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. காதை மூடும் குல்லாவும் இரண்டு ஜோடிக் காலுறையும் சேர்ந்து 200 கிராம்தான், ஆனால் ஒரு ஸ்வெட்டர் செய்யாததை அவை செய்யும்.

ஸ்வெட்டரையும் சால்வையையும் பையில் வைக்காதீர்கள். கிளம்பும் நாளில் சென்னையில் வியர்த்தாலும் கையில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். சால்வை ரயிலில் போர்வை, கோவிலில் மேலாடை, படகில் முக்காடு. இந்தப் பயணத்தில் அதிகம் உழைக்கப்போகும் துணி அதுதான், அதை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

## சக்கரப் பெட்டி எடுத்துப் போகலாமா?

கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். காசியில் நதிக்கரைப் பக்கம் தங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கோதௌலியா நாற்சந்தி வரைதான் வண்டி வரும். பிறகு சந்து. கல் பாவிய தளம், சாணம், எதிரே மாடு, இரண்டு பேர் ஒருவரையொருவர் ஒதுங்கித்தான் கடக்க முடியும் என்ற அகலம். அனுமான் கட்டம், கேதார கட்டம் ஆகிய படித்துறைகளின் பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் தங்குகிறார்கள், அங்கெல்லாம் படிகள் உண்டு. சக்கரம் உருளாத இடத்தில் சக்கரப் பெட்டி கையில் தொங்கும் பாரம்.

எடையும் பாருங்கள். கெட்டியான சிறு சக்கரப் பெட்டி வெறுமனே இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றேகால் கிலோ. தோள்வலி உள்ளவர்கள் இடுப்புப் பட்டை வைத்த பையாகப் பார்த்து வாங்குங்கள், பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். முதுகில் மாட்டவே முடியாதவர்கள் துணியால் ஆன இலேசான தோள்பையை எடுத்துக்கொண்டு, அதில் ஐந்து கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## விமானத்தில் கைப்பை 7 கிலோதான் என்கிறார்களே, அதற்குள் அடங்குமா?

அடங்கும், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் மிச்சமும் இருக்கும். உள்நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துப் போகும் பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ, அளவு 55×35×25 செ.மீ. பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஓர் ஆணின் பைக்கு இது கணக்கு: பேண்ட் ஒன்று 400 கிராம், சட்டை இரண்டு 450, வேட்டி இரண்டு 500, கைலி 300, பனியனும் உள்ளாடையும் 450, குளிர்கால உள்ளாடை 400, காசித் துண்டு இரண்டு 300, காலுறையும் குல்லாவும் 200. கூட்டினால் 3 கிலோ. பெண்களுக்குச் சேலை இரண்டு 900, சுடிதார் 500, உள்பாவாடை இரண்டு 400, ரவிக்கைகள் 300, நைட்டி 300, உள்ளாடைகள் 300, குளிர்கால உள்ளாடை 400, துண்டு 300 என்று 3 கிலோ 400 வரும். பை ஒன்றேகால் கிலோ. மருந்து, பல்துலக்கி, சார்ஜர் எல்லாம் ஒரு கிலோ. ஐந்தரைக்கு உள்ளேதான் இருக்கிறது, பெண்களுக்கு நூற்றைம்பது கிராம் மேலே போகும்.

இது ஒரு கணக்கு மாதிரிதான், உங்கள் துணி வேறு எடை வரும். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். குளியலறைத் துருக்கித் துண்டு ஒன்று 400, 500 கிராம் என்று தெரிந்தபிறகு அதை எடுக்க யாருக்கும் மனம் வராது.

## ரயிலில் எடைக் கட்டுப்பாடு இல்லையே, பிறகு ஏன் குறைக்க வேண்டும்?

ரயிலிலும் வரம்பு உண்டு, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. அவ்வளவு அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. வட இந்தியாவில் மூடுபனி நாள்களில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், நடைமேடை கடைசி நிமிடத்தில் மாறும், மேம்பாலம் ஏறி இறங்கி ஓட வேண்டிவரும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனையும். ஏசி பெட்டியில் விரிப்பும் கம்பளியும் தலையணையும் தருவார்கள். ஸ்லீப்பரில் எதுவும் கிடையாது, சால்வையோடு ஒரு மெல்லிய விரிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## காற்றை வெளியேற்றித் துணியை அமுக்கும் பிளாஸ்டிக் பை நல்லதா?

இடத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. இடம் கிடைத்துவிட்டதே என்று இன்னும் நான்கு துணி போடத் தோன்றும். ஸ்வெட்டர் ஒன்றுக்கு வேண்டுமானால் சரி. ஜரிகைக்கு ஆகவே ஆகாது.

## நதியில் குளித்த ஈரத் துணியை என்ன செய்வது?

நதிக் குளியலுக்கென்று ஒரு துணியை ஒதுக்கிவிடுங்கள், மூன்று ஊரிலும் அதுவே. ஆண்களுக்கு மெல்லிய வேட்டி அல்லது கைலி. பெண்களுக்கு அடர்நிறச் செயற்கை இழைச் சுடிதார் சரியாக இருக்கும். நனைந்தால் உடம்போடு ஒட்டாத, உள்ளே தெரியாத துணியா என்று வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கரையில் மாற்றுவதற்கு மறைவிடம் எல்லா இடத்திலும் கிடைக்காது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை வரும் தொளதொளப்பான நைட்டியை மேலே போட்டுக்கொண்டு உள்ளே மாற்றுவதுதான் நம் பெண்கள் காலம்காலமாகச் செய்துவரும் வழி.

கங்கை நீரில் நுண்ணிய வண்டல் உண்டு. அறைக்கு வந்ததும் முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வண்டலோடு சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது நூலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஈரத் துணியை வைக்கக் கனமான பிளாஸ்டிக் பை ஒன்று போதும், அரிசி வாங்கிய பை இருந்தால் அதுவே சரி. ஒரு பகலுக்கு மேல் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை வாடை வந்துவிட்டால் மற்றத் துணிக்கும் ஏறும்.

## பழைய துணிகளைக் கட்டிப் போய், உடுத்தி முடித்ததும் நதியில் விட்டுவிட்டு வந்தால் பாரம் குறையுமே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாபநாசத்தில் தாமிரபரணியிலும் திருநள்ளாற்றுக் குளத்திலும் விட்ட துணிகள் குவியல் குவியலாக அள்ளப்படுவதை நம் ஊரிலேயே பார்க்கிறோம். செயற்கை இழைச் சேலை நீரில் மக்காது. படித்துறையில் அடுத்துக் குளிக்க இறங்கும் வயதானவரின் காலில் அது சுற்றும். படகின் விசிறியில் சிக்கும். கங்கையைத் தாய் என்று வணங்கப் போகிறவர்கள் அவள்மேல் அழுக்குத் துணியை எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய துணியை எடுத்துப் போய் அங்கே விடுவதாக இருந்தால், துவைத்து மடித்து, கேட்டுவிட்டு, தேவைப்படுகிறவர் கையில் கொடுங்கள். கரையோரம் குளிரில் படுத்திருப்பவர்கள் பலர். நல்ல ஸ்வெட்டர் ஒன்றைக் கடைசி நாளில் அப்படிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், திரும்பும் வழியில் நாகபுரி தாண்டினால் அது தேவையும் படாது.

## குழந்தைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் இதே கணக்குதானா?

இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆறு செட் எடுங்கள், அவை எடையே இல்லாதவை. ஒரு முழு செட்டை எப்போதும் கைப்பையில் வையுங்கள்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு உள்ளாடையும் கீழாடையும் இரண்டு செட் கூடுதலாக இருக்கட்டும். நீண்ட ரயில் பயணத்தில், கழிவறைக்கு எழுந்து போக நேரமாகும்போது, மாற்றுத் துணி கைக்கெட்டும் இடத்தில் இருப்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களே எடுத்துவைத்து, பையின் எந்த அறையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவர்கள் துணியைப் பிள்ளைகளின் பைகளில் பங்கிட்டுவிட்டு, அவர்கள் கையில் மருந்தும் சால்வையும் உள்ள சிறு பையை மட்டும் கொடுங்கள்.

## எத்தனை ஜோடிச் செருப்பு?

ஒன்று, காலில் இருப்பது. பின்பட்டை உள்ள, நனைந்தாலும் கெடாத, ஈரப் படியில் வழுக்காத செருப்பு. ஷூ வேண்டாம், கட்டத்துக்குக் கட்டம் கோவிலுக்குக் கோவில் கழற்ற வேண்டும். குளிருக்குச் செருப்போடு காலுறை போட்டுக்கொள்ளலாம், அங்கே பலரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

## காசிப் பட்டு, சங்கு, அன்னபூரணி விக்கிரகம் வாங்கினால் எங்கே வைப்பது?

மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் நைலான் பை ஒன்றை அடியில் போட்டுவையுங்கள். திரும்பும்போது அழுக்குத் துணியெல்லாம் அதில் போகும், வாங்கிய சேலை முதுகுப்பையில் பத்திரமாக வரும். பித்தளை விக்கிரகத்தைப் பனியனில் சுற்றி நடுவில் வையுங்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் கங்கைச் செம்பை எப்படி எடுத்துவர அனுமதிக்கிறார்கள் என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அதிகம் வாங்கிவிட்டால் அஞ்சல் நிலையத்தில் பார்சல் போட்டுவிடலாம்.

## கிளம்பியபிறகு ஏதாவது மறந்துவிட்டது தெரிந்தால்?

மருந்துச் சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, இந்த நான்கையும் மட்டும் கிளம்பும்முன் தொட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். கோதௌலியாவிலிருந்து தசாசுவமேத கட்டத்துக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் பனியன், துண்டு, கம்பளிக் குல்லா, காலுறை, சால்வை என்று கடைகள்தான். கயாவில் விஷ்ணு பாதம் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் வேட்டியும் சடங்குச் சாமான்களும் விற்கிறார்கள். குளிருக்குப் பயந்து இரண்டாவது ஸ்வெட்டரை இங்கிருந்தே சுமந்து போக வேண்டாம், தேவைப்பட்டால் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் இருப்பதைவிட அங்கே கம்பளியில் வகையும் அதிகம்.